வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மேசை: இரும்பு வாங்கப் போகும் முன்

நான் செய்த முதல் வெல்டிங் மேசை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. 5 மி.மீ. தகடு, கீழே ஆங்கிள் சட்டம், தகட்டின் விளிம்பு நெடுக ஓர் இடம் விடாமல் வெல்டிங். அன்று மாலை ஒரு மீட்டர் நீள அலுமினிய மட்டப்பலகையை மேலே செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் பலகை தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் பட்டையாகக் கிளம்பியது. ஓரத்தில் 3 மி.மீ. வாஷர் ஒன்றைத் தள்ளினேன், தடையில்லாமல் உள்ளே போனது. தகடு வயிறு தள்ளிவிட்டது. அந்த மேசையில் பிறந்த ஸ்டூல் ஒவ்வொன்றும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது.

இரும்பில் குறையில்லை. நான் எடுத்ததும் தவறு, சேர்த்ததும் தவறு. எவ்வளவு எடை தாங்கும் என்று மட்டும் யோசித்து வாங்கியிருந்தேன். வீட்டுப் பட்டறை மேசை எதுவும் பாரம் தாங்காமல் உடைந்து நான் பார்த்ததில்லை. நெளிந்துபோனதும் முறுக்கிக்கொண்டதும் நிறையப் பார்த்திருக்கிறேன். மேசை கோணினால் அதன்மேல் செய்வதும் கோணும். ஆகவே அதை ஒரு பெரிய அளவுகோலாக நினைத்துப் பொருள் தேர்ந்தெடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

படி 1: தரையில் சாக்பீஸ் கோடு

கடைக்குப் போகும் முன் மேசை நிற்கப்போகும் இடத்தில் அதன் அளவைச் சாக்பீஸால் வரையுங்கள். சுற்றி நடந்து பாருங்கள். கையில் நீளமான பைப் ஒன்றை வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். நிறையப் பேர் இந்த இடத்திலேயே அளவைக் குறைத்துக்கொள்வார்கள்.

கதவு, ஸ்டாண்டு, அலமாரிச் சட்டம் மாதிரி வேலைகளுக்கு 1200×600 மி.மீ. தாராளம். சின்ன வேலை மட்டும் என்றால் 900×600 போதும். அகலம் 750-ஐத் தாண்டினால் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் எட்டாது, சுவரோரம் போடவும் முடியாது. இன்னொன்று: மேசை பெரிதாகப் பெரிதாக வேலை செய்யும் இடம் கூடுவதில்லை, சாமான் குவிக்கும் இடம்தான் கூடுகிறது. என் அனுபவம் இது. உங்களுக்கு ஒழுக்கம் அதிகமாக இருக்கலாம்.

உயரத்துக்கு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு இருக்கும் இடம்தான் கணக்கு. பெரும்பாலோருக்கு 850 முதல் 900 மி.மீ.க்குள் வரும். உட்கார்ந்து டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு செய்யும் நுண்ணிய வெல்டிங்) செய்பவர்கள் 720 முதல் 750 வரை இறக்கிக்கொள்ளலாம்.

அளவோடு கூட இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த ஒரு வருடம் பெரும்பாலும் எதை வெல்டிங் செய்வீர்கள்? ஒன்றரை, இரண்டு மி.மீ. பைப்பா, 10 மி.மீ. பிளேட்டா? மேல் தகட்டின் கனத்தை இந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

படி 2: வண்டியில் ஏற்றக் கூடாதவை

முதல் பெயர் ஜி.ஐ. துத்தநாகப் பூச்சு போட்ட பைப்பும் தகடும் துருப்பிடிக்காது என்பதால் ஆசையைக் கிளப்பும். ஆனால் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதற்கு 1500 டிகிரி பக்கம் வேண்டும். அதாவது இரும்பு உருகத் தொடங்கும் முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பியிருக்கும். அதை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது காப்பாற்றாது. மேசை என்பது நாள் முழுக்கச் சூடாகும், அடிக்கடி டேக் (துண்டை நிறுத்திப் பிடிக்கப் போடும் சின்னப் புள்ளி வெல்டிங்) வாங்கும் பொருள். அதில் துத்தநாகம் வேண்டவே வேண்டாம். குரோம் பூச்சு அதைவிட மோசம், அதன் புகை புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

எவர்சில்வர் தகடு பளிச்சென்று இருக்கும். சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக விரியும், சூட்டை மெதுவாகக் கடத்தும். இரண்டும் சேர்ந்தால் நெளிவு நிச்சயம். பரவலாகக் கிடைக்கும் 304 ரகத்தில் காந்தமும் ஒட்டாது, மூலைக்காந்தம் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. அலுமினியமும் காந்தத்தைப் பிடிக்காது, சுத்தியல் தவறி விழுந்தால் குழி விழும். புள்ளி போட்ட செக்கர் பிளேட் நடக்க ஏற்றது, அளக்க ஏற்றதல்ல. மரப்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கான்கிரீட் பலகையைக் கிடத்தி வேலை செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். கான்கிரீட்டுக்குள் ஈரம் உண்டு, சூடு பட்டால் அது ஆவியாகிச் சில்லுகளைத் தெறிக்கவிடும்.

வார்ப்பிரும்புப் பலகை மட்டும் வேறு சங்கதி. பழைய இயந்திரத்தின் மேசைப் பலகை ஒன்று விரிசலில்லாமல் கிடைத்தால் விடாதீர்கள், நல்ல மட்டமாக இருக்கும். ஆனால் அதன்மேல் தாங்கு துண்டு எதையும் டேக் அடித்து நிறுத்த முடியாது. அடித்தால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

படி 3: மேல் தகடு

சாதாரண எம்.எஸ். பிளேட்தான், அதாவது சாதா இரும்புத் தகடுதான் வேண்டும். விற்பவர் உயர் வலிமை ரகம் ஒன்றைக் காட்டி இது இன்னும் உறுதி என்பார். உறுதி என்ற சொல்லில்தான் சிக்கல். உடையாமல் தாங்குவது வேறு, வளையாமல் நிற்பது வேறு. இ250, ஏ36, எஸ்275 என்று எந்தப் பெயரில் வந்தாலும், அதைவிட உயர்ந்த ரகமே ஆனாலும், பாரத்துக்கு வளைந்து கொடுக்கும் அளவில் எல்லா எஃகும் ஏறக்குறைய ஒன்றுதான். மீள்மைக் கெழு 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். கூடுதல் பணத்தை ரகத்தில் போடாமல் கனத்தில் போடுங்கள்.

கனத்தின் கணக்கு ஆச்சரியமானது. தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு, அதாவது கனம் × கனம் × கனம் என்ற கணக்குக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. தகட்டை 12 ஆக்கினால் எடை இரண்டு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. 6-லிருந்து 10-க்குப் போனாலே நாலரை மடங்குக்கு மேல் கிடைத்துவிடும். எடை போட ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனம், 7.85 கிலோ. 1200×600 என்பது 0.72 சதுர மீட்டர். அதில் 6 மி.மீ. தகடு 34 கிலோ, 10 மி.மீ. என்றால் 56.5 கிலோ, 12 மி.மீ. என்றால் 68 கிலோ. கடையில் நூல் கணக்கில் பேசினால், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் சுமார் 6 மி.மீ., மூன்று நூல் 9.5.

என் முடிவு இது. மெல்லிய பைப் வேலைக்கு, கீழே சட்டம் நெருக்கமாக இருந்தால் 6 மி.மீ. தாங்கும். கலந்த வேலைக்கு 10. சுத்தியல் அடி, கனத்த பிளேட், அதிக ஆம்பியர் என்றால் 12. வீட்டில் 20, 25 மி.மீ. போடுபவர்களும் உண்டு. கிடைத்த துண்டு அது என்றால் சந்தோஷமாகப் போடுங்கள், தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை.

கனம் சூட்டுக்கும் உதவுகிறது. எஃகு ஒரு மீட்டருக்கு நூறு டிகிரிக்கு 1.2 மி.மீ. விரியும். மேசையில் ஓர் இடம் மட்டும் சூடாகும்போது அது விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடுவதில்லை. சூட்டில் இளகிய பகுதி தனக்குள்ளேயே நசுங்குகிறது, ஆறும்போது முன்னைவிடச் சுருங்குகிறது. அந்த இழுப்புதான் நெளிவு. கனத்த தகடு சூட்டை வேகமாகப் பரப்பிவிடும், இழுப்புக்கும் எளிதில் மசியாது.

அடுத்து சூட்டில் உருட்டியதா, குளிரில் உருட்டியதா என்ற கேள்வி. குளிரில் உருட்டியது அளவு துல்லியமாகவும் வழவழப்பாகவும் இருக்கும், விலையும் கூடும். உருட்டும்போது ஏறிய உள் இறுக்கம் அதில் பூட்டிக் கிடக்கும். ஒரு பக்கம் வெட்டினாலோ வெல்டிங் செய்தாலோ அது அவிழ்ந்து வளையலாம். சூட்டில் உருட்டியதில் இந்தத் தொல்லை குறைவு. அதன்மேல் கருநீலமாக ஒரு தோல் இருக்கும், மில் ஸ்கேல். அது கொஞ்சம் துருவைத் தடுக்கும், தெறிக்கும் பொறிகளும் அதில் அவ்வளவாக ஒட்டா. ஆனால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எர்த் (வெல்டிங் மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்பும் இணைப்பு) விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

படி 4: ஒரே தகடா, பட்டைகளா?

ஒரே தகடு போட்டால் வேலை எளிது, சின்னச் சாமான் கீழே விழாது, சுத்தியல் அடிக்கவும் வசதி. குறை ஒன்றுதான்: கிளாம்ப் போட விளிம்பு மட்டுமே கிடைக்கும். நடுவில் ஒரு துண்டைப் பிடித்து அழுத்த வழியில்லை.

இதற்காகவே தகட்டுக்குப் பதில் நீளப் பட்டைகளை இடைவெளி விட்டுப் போடுவார்கள். 100×10 பட்டை மீட்டருக்கு 7.85 கிலோ. 1200 மி.மீ. நீளத்தில் ஐந்து பட்டை, நடுவே 30 மி.மீ. வீதம் நாலு இடைவெளி வைத்தால் 620 மி.மீ. அகலத்துக்கு மேசை தயார், எடை 47 கிலோ. ஒவ்வொரு பட்டையையும் ஒற்றை ஆளாகத் தூக்கலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தனியாக வேலை செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். இடைவெளியை முடிவு செய்யும் முன் கையில் இருக்கும் கிளாம்பின் தலை அதில் நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். நான் அளக்காமல் 20 வைத்து, கிளாம்பின் தாடையைக் கிரைண்டரில் இழைத்துக் குறைக்க வேண்டியதாயிற்று.

பட்டையின் குறை, ஐந்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுமை வேண்டும். சின்ன நட்டு இடைவெளியில் விழுந்து காணாமல் போவதும் உண்டு.

மூன்றாவது வகை துளைத் தகடு. 16 மி.மீ. துளைகள் 50 மி.மீ. இடைவெளியில், அல்லது 28 மி.மீ. துளைகள் 100 இடைவெளியில் என்று தொழிற்சாலை மேசைகள் வரும். துளையில் பின் செருகி எந்த இடத்திலும் பிடிக்கலாம், வேலை பறக்கும். ஆனால் 1200×600 தகட்டில் 50 இடைவெளிக்கு இருநூற்றைம்பது துளை வரும். அதைக் கைத் துரப்பணத்தில் போட நினைக்காதீர்கள். லேசரில் வெட்டித் தருபவர் இருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டு நீள விளிம்புகளில் மட்டும் 100 மி.மீ.க்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுத் தொடங்குங்கள். தேவை தெரியத் தெரியக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 5: கடையில் நின்று பார்ப்பது

புதுத் தகடு என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சூட்டில் உருட்டிய தகட்டுக்கு மீட்டருக்குச் சில மி.மீ. வளைவைத் தர விதிகளே அனுமதிக்கின்றன. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, பார்த்து எடுப்பது உங்கள் பொறுப்பு. ஒரு மட்டப்பலகை, டார்ச், சட்டைப்பையில் கொஞ்சம் நூல், மூன்றும் போதும்.

தகட்டைத் தரையில் நேராக நிறுத்தச் சொல்லி, விளிம்பு வழியாக ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பெரிய வளைவு உடனே தெரியும். பிறகு சமமான தாங்கல்கள் மேல் படுக்கப் போட்டு, மட்டப்பலகையை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று நாலைந்து இடத்தில் நிறுத்தி வெளிச்சம் பாருங்கள். வீட்டு வேலைக்கு மீட்டருக்கு ஒரு மி.மீ. வரை இருந்தால் எடுத்துக்கொள்வேன். அந்த அளவு வளைவைப் பின்னால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிக்கட்டலாம்.

முறுக்கைப் பிடிக்கத்தான் நூல். நாலு மூலையிலும் ஒரே உயரத்துக்குத் துண்டு வைத்து, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் லேசாக முத்தமிட்டால் முறுக்கு இல்லை. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றையொன்று அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால் நடுவில் தெரியும் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு அங்கே தூக்கியிருக்கும். மேல்நூலையும் கீழ்நூலையும் இடம் மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். அழுத்திக்கொண்டிருந்த நூல் சில சமயம் பார்க்க முத்தமிடுவது போலவே இருக்கும்.

பழைய இரும்புக் கடையில் நல்ல தகடு கிடைக்கும், நானும் அங்கேதான் எடுப்பேன். துரு மேலாக இருந்தால் கவலையில்லை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிற ஆழத் துரு என்றால் வேண்டாம். கேஸ் வைத்து வெட்டிய நீள விளிம்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கமாக வில்லாக வளைந்திருக்கும், கவனியுங்கள். எண்ணெய் ஊறிய தகட்டைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போன்ற திரவங்களை இதற்குத் தொடாதீர்கள். அதன் ஆவி வெல்டிங் வில்லின் சூட்டிலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இதில் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

படி 6: சட்டம்

புதிதாகச் செய்பவர்கள் தகட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுச் சட்டத்தை மிச்சமிருந்த ஆங்கிளில் ஒப்பேற்றுவார்கள். தலைகீழ் வேலை. சட்டம் நன்றாக இருந்தால் 6 மி.மீ. தகடுகூட நிமிர்ந்து நிற்கும்.

50×50×3 சதுர பைப்பையும் 50×50×6 ஆங்கிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய ஒன்றுதான், மீட்டருக்கு நாலேகால் முதல் நாலரை கிலோ. ஆனால் இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கினால், மூடிய பைப் ஆங்கிளைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல் எதிர்த்து நிற்கும். மேசையை நாலு காலில் மூன்று கால் மட்டும் தரையில் படும்படி வைத்தால் சட்டத்துக்கு வருவது இந்த முறுக்குதான். பைப் கிடைக்கும்போது ஆங்கிளைத் தேடுவதில் அர்த்தமில்லை. கனத்த மேசைக்கு ‘ப’ வடிவச் சேனலும் நல்லதே. அதன் திறந்த பக்கத்தை வெளிப்புறம் பார்க்க வைத்தால் கிளாம்ப் பிடிக்கவும் உதவும்.

பைப்பின் சுவர் கனம் 3 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம். 2 மி.மீ. பைப் பாரம் தாங்கும். ஆனால் கற்றுக்கொண்டிருக்கும் கை அதில் ஓட்டை போட்டுவிடும், போல்ட் இறுக்கினால் சுவர் உள்ளே அமுங்கும்.

சட்டத்தைத் தகட்டின் அளவுக்கே செய்யாதீர்கள். நாலு பக்கமும் 75 முதல் 100 மி.மீ. தகடு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கிளாம்பின் கீழ்த்தாடைக்கு இடம் கிடைக்கும். குறுக்குச் சட்டங்கள் 10 மி.மீ. தகட்டுக்கு 400 மி.மீ. இடைவெளியில் இருக்கலாம், 6 மி.மீ. தகட்டுக்கு 250 வரை நெருக்குங்கள். ஆசைப்பட்டு இன்னும் நெருக்கினால் கிளாம்ப் போடும் இடமெல்லாம் போய்விடும்.

முழுக்க மூடிய பைப்பின் கடைசி முனையை அடைக்கும்போது உள்ளே சூடான காற்று விரிந்து உருகிய இரும்பை ஊதித் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத பக்கம் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

படி 7: கால்

காலுக்கும் அதே பைப். கீழே தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் மூன்று பக்கம் இணைப்புச் சட்டம் கொடுத்து, நிற்கும் பக்கத்தைத் திறந்து விடுங்கள், கால் இடிக்காது.

தரை எந்த வீட்டிலும் மட்டமாக இருப்பதில்லை. காலின் அடியில் 10 மி.மீ. மூடித் தகடு, அதில் எம்16 நட்டு (16 மி.மீ. போல்ட்டுக்கானது), அதற்குள் தலை கீழாக ஒரு போல்ட். இதுதான் மட்டம் செய்யும் பாதம். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்பதைவிட நாலு காலும் சமமாகப் பாரம் வாங்குவது முக்கியம்.

சக்கரம் வைப்பவர்கள் மொத்த எடையை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுங்கள். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். மேசை 95, அதன்மேல் வேலை 100 கிலோ என்றால் சக்கரத்துக்கு 65 கிலோ வரும், 100 கிலோ தாங்கும் சக்கரமாக எடுங்கள். ரப்பர் சக்கரத்தில் பொறி விழுந்து பொத்தல் போடும். வார்ப்பிரும்பு அல்லது எஃகுச் சக்கரம் சத்தம் போடும், ஆனால் நிலைக்கும். வேலை செய்யும்போது மேசை பாதங்களில் நிற்க வேண்டும், சக்கரத்தில் அல்ல.

படி 8: தகட்டைச் சட்டத்தோடு சேர்ப்பது

என் முதல் மேசை கெட்டது இந்த இடத்தில். வெல்டிங் கோடு ஆறும்போது சுருங்கி இழுக்கும். விளிம்பு நெடுக அப்படி இழுத்தால் தகட்டுக்குப் போக வேறு வழியில்லை, நடுவில் மேலேயோ கீழேயோ பிதுங்கும்.

இரண்டு வழி உண்டு. தகட்டின் அடியிலிருந்து போல்ட் போட்டுச் சட்டத்தோடு பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. தகட்டின் அடிப்பக்கம் சின்ன ஆங்கிள் காதுகளை டேக் அடித்து, அவற்றைச் சட்டத்தின் பக்கவாட்டில் போல்ட்டால் இறுக்கலாம். போல்ட் போடும் இடத்தில் பைப் அமுங்காமலிருக்க உள்ளே ஒரு துண்டுக் குழாய் வையுங்கள். காதுத் துளையை நீள்வட்டமாக்கினால் மேலும் கீழும் அசைக்க வாகாக இருக்கும். தகடு தாழ்ந்திருக்கும் இடத்தில் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டை ஷிம்மாகச் செருகி, மட்டப்பலகையில் வெளிச்சம் மறைந்ததும் இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

வெல்டிங்தான் செய்வேன் என்றால், 25 மி.மீ. நீளத் தையல் மட்டும், 250 மி.மீ.க்கு ஒன்று. எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிப் போடுங்கள், ஒரே வரிசையில் ஓடாதீர்கள். ஒவ்வொன்றும் கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்தது. சட்டத்தையும் இப்படித்தான்: முதலில் எல்லா மூலைக்கும் டேக், மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து சமம் என்று பார்த்த பிறகே முழு வெல்டிங்.

எர்த், பெயிண்ட், மற்ற சில்லறை

போல்ட் போட்ட மேசையில் சட்டத்தில் எர்த் கிளாம்பைக் கடித்துவிட்டு வில் திக்குகிறது, ராடு ஒட்டுகிறது என்று இயந்திரத்தைத் திட்டுவார்கள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே பெயிண்ட்டும் மில் ஸ்கேலும் இருந்தால் மின்சாரம் எந்த வழியாகத்தான் போகும்? மேல் தகட்டின் அடியிலேயே 40×40×10 துண்டு ஒன்றை வெல்டிங் செய்து, எம்12 துளை போட்டு, இரு பக்கமும் பளபளவென்று இழைத்து எர்த்தை அங்கே கொடுங்கள். பட்டை மேசையில் ஐந்து பட்டைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், அடியில் குறுக்காக ஒரு பட்டையை வெல்டிங் செய்து எல்லாவற்றையும் இணைத்துவிடலாம். மெல்லிய வேலைக்கு எப்போதும் எர்த்தை நேராக வேலைத்துண்டிலேயே போடுவது என் வழக்கம். அப்போது மேலே இருக்கும் மில் ஸ்கேலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மில் ஸ்கேலை மொத்தமாக எடுக்க வேண்டும் என்பவர்கள் அரைக்கும் கல்லைத் தொடாதீர்கள், குழி விழும். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்கை (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) மாட்டிப் படுக்கவாட்டில் லேசாக ஓட்டுங்கள். சட்டத்துக்கும் காலுக்கும் பெயிண்ட் அடிக்கலாம், மேல் தகட்டுக்கு எண்ணெய் துடைப்பு மட்டும். வேலை தொடங்கும் முன் அந்த எண்ணெயைத் துணியால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புகையும் வரும், வெல்டிங்கில் ஓட்டையும் விழும்.

1200×600 மேசைக்கு மாதிரிக் கணக்கு

மேல் தகடு 10 மி.மீ., ஒன்று. சட்டம் 1050×450 வெளி அளவு, பக்கத்துக்கு 75 நீட்டல். 50×50×3 பைப்பில் வெட்ட வேண்டியவை: 1050 இரண்டு, 350 ஆறு (ஓரத்துக்கு இரண்டு, குறுக்குக்கு இரண்டு, கீழ் இணைப்புக்கு இரண்டு), 950 ஒன்று, கால் 780 நாலு. கூட்டினால் ஏறக்குறைய 8.3 மீட்டர். கால் 780, சட்டம் 50, தகடு 10, பாதம் 40, ஆக உயரம் 880 மி.மீ. பைப் ஆறு மீட்டர் நீளத்தில் வந்தால் இரண்டு வாங்க வேண்டும். மிச்சம் மூன்றரை மீட்டரில் கிளாம்ப் தொங்கவிடும் கம்பி, ஹோல்டர் மாட்டும் கொக்கி எல்லாம் வந்துவிடும். இவற்றோடு எம்16 போல்ட் நாலு, நட்டு நாலு, மூடித் தகட்டுக்கு 50×10 பட்டை கால் மீட்டர், காதுக்கு 40×40×5 ஆங்கிள் அரை மீட்டர், ஷிம்முக்கு அரை மி.மீ., ஒரு மி.மீ. தகட்டு வெட்டுத்துண்டுகள்.

மொத்தம் 90 கிலோவைத் தாண்டும். தகட்டை வண்டியிலிருந்து இறக்க இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தோல் கையுறை இல்லாமல் விளிம்பைப் பிடிக்காதீர்கள், வெட்டிய இடத்தில் பிசிறு பிளேடு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிளாப் டிஸ்க்கால் நாலு விளிம்பையும் மழுக்கிவிட்டு, அதன் பிறகு அளவெடுக்க உட்காருங்கள்.